குடிக்காதவருக்கும் ஈரல் கெடும்

"தண்ணி பக்கமே போனதில்லைங்க. எனக்கு எப்படி ஈரல் கெட்டுச்சு?"

வானொலியில் உடல்நல அங்கம் போகும் நாள்களில் இந்தக் கேள்வி ஏதாவதொரு வடிவத்தில் வந்துவிடும். கேட்பவர் கூலாயில் லாரி ஓட்டுபவராக இருக்கலாம், மாசாயில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கலாம். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்திருப்பார்கள். அறிக்கையின் கடைசி வரியில் 'ஃபேட்டி லிவர்', கல்லீரலில் கொழுப்பு என்று இருக்கும்.

ஈரல் கெட்டது என்றால் குடி என்றுதான் நம் சமூகம் கணக்குப் போடும். தோட்டத்துக் கள்ளுக்கடையையும் சம்சு பாட்டிலையும் பார்த்து வளர்ந்த தலைமுறை அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு இன்று இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. குடிக்காத மனிதர் வீட்டில் சந்தேகப் பார்வைக்கு ஆளாகி, அறிக்கையை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார். இன்னொருவர், 'நான்தான் குடிப்பதில்லையே' என்று பரிசோதனைக்கே போவதில்லை. இரண்டாமவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்.

குடிக்காமல் கல்லீரல் எப்படிக் கெடுகிறது? அதைப் புரிந்துகொள்ள, கல்லீரல் யார் சொல்வதைக் கேட்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் உடலில் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அதற்கு அவை பயன்படுத்தும் புரதத் துணுக்குகளுக்கு சைட்டோகைன் என்று பெயர். காலில் ஆணி குத்தினாலும் நுரையீரலில் சளிக்கிருமி புகுந்தாலும், அங்கிருக்கும் அணுக்கள் இந்தச் சைட்டோகைன்களை இரத்தத்தில் விடுகின்றன. அதனால்தான் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதையே அழற்சி என்கிறோம். அந்தச் செய்தி அங்கேயே நின்றுவிடுவதில்லை. இரத்தத்தோடு போய்க் கல்லீரலையும் எட்டுகிறது.

1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது இரத்தத்தில் ஒரு பொருள் தென்பட்டது. நோயாளி தேறியதும் அது மறைந்துபோனது. இன்று நம் இரத்தப் பரிசோதனைத் தாளில் 'சிஆர்பி' என்று அச்சிடப்படுவது அதுதான். அதை உண்டாக்குவது நுரையீரல் அன்று, கல்லீரல். நெஞ்சில் பற்றிய தீக்கு வயிற்றில் இருக்கும் உறுப்பு ஏன் பதில் சொல்கிறது?

விடை கிடைக்க ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆனது. 1986இல் ஜப்பானின் ஒசாகாவில் தடமிட்சு கிஷிமோட்டோ, தோஷியோ ஹிரானோ குழுவினர் ஒரு சைட்டோகைனின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். கல்லீரல் அணுக்களைத் தூண்டும் ஒரு பொருளை வேறு ஆய்வாளர்கள் தனியாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. அதற்கு இன்டர்லூக்கின்-6 என்று பெயர் நிலைத்தது. சுருக்கமாக ஐஎல்-6 என்போம்.

ஐஎல்-6 கல்லீரல் அணுவின் வாசலைத் தட்டியதும் அந்த அணு தன் அன்றாட வேலைப் பட்டியலை மாற்றிவிடுகிறது. சிஆர்பி போன்ற அவசரக்காலப் புரதங்களை அடுக்கடுக்காகத் தயாரிக்கிறது. கடும் தொற்றில் சிஆர்பி ஓரிரு நாளில் ஆயிரம் மடங்குகூட ஏறும். அதே நேரம் அல்புமின் போன்ற வழக்கமான புரதங்களின் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடம் நிவாரண மையமாக மாறுவதில்லையா, அது போல. வெள்ளம் வடிந்ததும் மேசை நாற்காலிகள் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இந்த மாற்றத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் விழுங்கும் பல மருந்துகளை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலின் நொதிகள். அழற்சி நேரத்தில் அவற்றில் சில மந்தமாகிவிடுகின்றன. 1980இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபுளூ பரவியபோது, ஆஸ்துமாவுக்காகத் தியோஃபிலின் மருந்தை வழக்கமான அளவில் சாப்பிட்டுவந்த சில பிள்ளைகளுக்கு அதுவே நஞ்சாக மாறியது. மருந்தின் அளவு கூடவில்லை. கல்லீரல் அதை வெளியேற்றும் வேகம்தான் குறைந்துபோனது.

நம் ஊருக்கு இதை டெங்கியோடு பொருத்திப் பாருங்கள். டெங்கியில் கல்லீரலும் தாக்கப்படுகிறது. ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற கல்லீரல் அளவீடுகள் ஏறும். காய்ச்சல் இறங்கவில்லையே என்று பாரசிட்டமோலை நேரம் பார்க்காமல் போடுவதும், போதாதென்று அதே மருந்து கலந்த சளி மாத்திரையைச் சேர்த்துக்கொள்வதும், ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் கல்லீரலின் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுவதாகும். மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன இடைவெளி, அதற்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் டெங்கியில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம் என்பதால் அவற்றைத் தொடவே கூடாது.

இதுவரை சொன்னது குறுகிய காலக் கதை. சைட்டோகைன் வருகிறது, கல்லீரல் பதில் சொல்கிறது, ஆபத்து நீங்குகிறது, அமைதி திரும்புகிறது. இந்தச் செய்தி இல்லாவிட்டால் நாம் பிழைப்பதே கடினம். கல்லீரல் வெட்டினாலும் வளரும் உறுப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வளர்ச்சிக்கும் ஐஎல்-6 தேவை. அது இல்லாமல் பிறந்த எலிகளின் கல்லீரல், ஒரு பகுதியை அறுத்தெடுத்தபின் சரியாக வளரவில்லை என்று 1996இல் கண்டார்கள்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், அந்த அறிவிப்பு நிற்காதபோது. அவசரச் செய்தி ஒருமுறை ஒலித்தால் மக்கள் எழுந்து ஓடுவார்கள். அதையே இரவு பகலாக, ஆண்டுக்கணக்கில், மெல்லிய குரலில் ஒலிபரப்பிக்கொண்டே இருந்தால் கேட்பவர் நிலை என்ன ஆகும்?

அந்த ஓயாத ஒலிபரப்புக்கு நிலையம் நம் தொப்பை.

கொழுப்பை ஒரு சேமிப்புக் கிடங்கு என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1993இல் ஹார்வர்டில் கோகான் ஹோட்டமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மேன் குழுவினர் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவை ஆராய்ந்தபோது, அது டிஎன்எஃப் என்ற வலுவான சைட்டோகைனைச் சுரப்பதைக் கண்டார்கள். அந்த டிஎன்எஃப்பைத் தடுத்தபோது எலிகளின் உடல் இன்சுலினுக்கு மறுபடி ஒழுங்காகப் பணிந்தது. கொழுப்பு பேசுகிறது, அந்தப் பேச்சு இனிப்பு நீருக்கு வழி வகுக்கிறது என்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. தொடையில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு ஓரளவு சாது. குடலைச் சுற்றிப் படியும் உள்வயிற்றுக் கொழுப்புதான் தொல்லைக்காரன். அதன் இரத்தம் நேராகக் கல்லீரலுக்குள் பாய்கிறது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, குடல் பக்கமிருந்து வரும் போர்ட்டல் நாளத்தின் வழியாகவே வருகிறது. தொப்பை விடும் டிஎன்எஃப்பும் ஐஎல்-6உம் கொழுப்பு அமிலங்களும் முதலில் போய் நிற்கும் இடம் அதுவே.

இனி உள்ளே நடப்பதைப் பாருங்கள். டிஎன்எஃப், இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் அணுவின் காதில் விழவிடாமல் செய்கிறது. சர்க்கரை உற்பத்தியை நிறுத்து என்று இன்சுலின் சொன்னாலும் கல்லீரல் நிறுத்துவதில்லை. அதனால் கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. கொழுப்பைத் தயாரி என்ற கட்டளை மட்டும் கல்லீரலுக்குச் சரியாகக் கேட்கிறது. ஆக, சர்க்கரையும் ஏறுகிறது, கொழுப்பும் அணுவுக்குள் சேர்கிறது. நெரிசல் தாங்காமல் சில அணுக்கள் சாகின்றன. கல்லீரலில் காவல் இருக்கும் குப்ஃபர் அணுக்கள் அதைப் பார்த்து, தங்கள் பங்குக்கு இன்னும் டிஎன்எஃப் விடுகின்றன. பிறகு டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு செய்தி எழுகிறது. அதைக் கேட்டு, சும்மா வைட்டமின் ஏ சேமித்துக்கொண்டு கிடந்த நட்சத்திர வடிவ அணுக்கள் விழித்து, நார்களை நெய்யத் தொடங்குகின்றன. புண் ஆறினால் தழும்பு வருவது போல ஈரலுக்குள் தழும்பு. அது முற்றினால் சிரோசிஸ். சிலருக்கு அதன் முடிவு புற்றுநோய்.

குடியும் இதே வீட்டுக்குத்தான் வருகிறது, வாசல் மட்டும் வேறு. மது குடற்சுவரை ஓட்டையாக்கி, கிருமிகளின் நச்சைப் போர்ட்டல் இரத்தத்தில் கசியவிடுகிறது. அதே குப்ஃபர் அணு, அதே டிஎன்எஃப், அதே தழும்பு. தொப்பையும் உண்டு, குடியும் உண்டு என்றால் இரண்டு வாசலும் திறந்தே கிடக்கின்றன. 2023இல் உலகக் கல்லீரல் மருத்துவர் சங்கங்கள் கூடி, 'மது சாராத கொழுப்பு ஈரல்' என்ற பழைய பெயரைக் கைவிட்டன. உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறால் வரும் கொழுப்பு ஈரல் என்ற பொருளில் புதுப் பெயர் வைத்தன. நோயாளியைக் கூச வைக்கும் சொற்களைத் தவிர்ப்பதும் அந்த மாற்றத்தின் ஒரு காரணம்.

இது நமக்கு ஏன் முக்கியம்? சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வைப் பாருங்கள். நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. உடல் எடை கூடியவர்கள் நாட்டளவில் 50.1 விழுக்காடு, இந்தியர்களில் 63.9. தொப்பைக் கணக்கிலும் இந்தியர்கள்தான் முன்னணி, 68.3 விழுக்காடு. நீரிழிவும் தொப்பையும் இருக்கும் இடத்தில் கொழுப்பு ஈரலைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒல்லியாகத் தெரிகிறோம் என்று தப்பிக்கவும் முடியாது. தெற்காசிய உடல்வாகு, கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பைப் பதுக்கும். அதனால்தான் நமக்கு இடுப்பளவின் எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று கடுமையாக வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஆண்களுக்கு அது 94.

ஜொகூரில் நம் வாழ்க்கை முறை வேறு இதற்குத் துணை போகிறது. விடியற்காலை 4 மணிக்கு மோட்டார்சைக்கிளில் காஸ்வேயைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அண்ணன் தம்பிகளைக் கேளுங்கள். பசியாறுவது வழியில், இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு மேல் மாமாக் கடையில், தூக்கம் நான்கைந்து மணி நேரம். நடுநடுவே இனிப்பு பானம்தான் தெம்பு. சீனியில் பாதி ஃபுருக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரலே சமாளிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொழுப்பாக மாற்றிவிடும். அரசாங்கம் 2019 ஜூலையில் இனிப்பு பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2024இல் 50 சென் ஆனது, 2025 தொடக்கத்தில் 90 சென்னுக்கு உயர்ந்தது. ஆனால் ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு அந்த வரி கிடையாது. அங்கே வரியை நாம்தான் விதித்துக்கொள்ள வேண்டும். 'கூராங் மானிஸ்' என்ற இரண்டு சொல் போதும்.

'சைட்டோகைன்தானே வில்லன், அதைத் தடுக்க ஊசி போட்டுவிட்டால் என்ன?' என்று கேட்கலாம். முயன்று பார்த்திருக்கிறார்கள். குடியால் கல்லீரல் அழற்சி முற்றிய நோயாளிகளுக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்தைப் பிரான்சில் கொடுத்துப் பார்த்தார்கள். கடும் கிருமித் தொற்று அதிகமானதால் அந்த ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. நல்ல செய்தியையும் சேர்த்து அடைத்துவிட்டால் உடல் நிராயுதபாணி ஆகிவிடுகிறது.

இதைவிடத் தெளிவான பாடம் டென்மார்க்கிலிருந்து வந்தது. தசைகள் வேலை செய்யும்போது அவையும் ஐஎல்-6 விடுகின்றன என்று கோபன்ஹேகனின் பென்டே பெடர்சன் குழுவினர் காட்டியிருந்தார்கள். வில்லன் என்று நாம் நினைத்த அதே பொருள்தான். ஆனால் தசையிலிருந்து, சற்று நேரம் மட்டும் வரும்போது அது டிஎன்எஃப்பை அடக்குகிறது. 2019இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு ஒன்றில், தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். உள்வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. ஐஎல்-6ஐத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு, அதே அளவு மிதித்தும் அந்தக் கொழுப்பு குறையவில்லை. எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரே செய்தி கெடுக்கவும் செய்கிறது, காக்கவும் செய்கிறது.

எனவே வழி எளிது, நடப்பதுதான் கடினம். உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் ஈரலின் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 விழுக்காட்டில் பலருக்கு அழற்சி தணியும். 10 விழுக்காட்டை எட்டியவர்களில் பலருக்குத் தழும்புகூடப் பின்வாங்கியிருக்கிறது. 80 கிலோ இருப்பவருக்கு அது 4 கிலோ, 5.6 கிலோ, 8 கிலோ. ஓராண்டுத் திட்டமாகப் போட்டால் மாதத்துக்கு ஒரு கிலோகூட இல்லை. 2024 முதல் அமெரிக்காவில் இதற்கென்றே மருந்துகளும் அனுமதி பெறத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் அவையும் உணவு, உடற்பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கப்படுபவையே.

ஜொகூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. காப்பி கல்லீரலுக்கு நண்பன் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016இல் ஆதாரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, காப்பி அருந்துவோரிடம் கல்லீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் குறிப்பிட்டது. மலேசியாவின் லிபெரிக்கா காப்பி பெரும்பகுதி விளைவது நம் மாநிலத்தில்தான். ஆனால் நண்பன் 'கோப்பி ஓ கோசோங்'. கெட்டிப்பாலும் சீனியும் சேர்ந்தால் கதை வேறு.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்குடன் சேர்ந்து 1988இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். கீழாநெல்லி கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றது அது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அந்த ஆய்வு கிருமியைப் பற்றியது, கொழுப்பைப் பற்றியது அன்று என்பதையும் மறக்கக்கூடாது. பாட்டி சொன்ன மூலிகையை நான் இகழவில்லை. ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பரிசோதனையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஏஎல்டி சரியாக இருந்தால் ஈரல் நலம் என்று பொருளல்ல. கொழுப்பும் தழும்பும் இருந்தும் அந்த எண் ஒழுங்காக இருக்கக்கூடும். தழும்பைக் கணிக்க 'ஃபிப்-4' என்ற எளிய கணக்கு இருக்கிறது. வயதை ஏஎஸ்டியால் பெருக்க வேண்டும். அதை, இரத்தத் தட்டணு எண்ணிக்கையையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 50 வயதுக்காரருக்கு ஏஎஸ்டி 45, ஏஎல்டி 64, தட்டணு 250 என்று வைத்துக்கொள்வோம். 2250ஐ 2000ஆல் வகுத்தால் சுமார் 1.1. எல்லை 1.3, ஆகவே இப்போதைக்குப் பயமில்லை. அதே மனிதருக்குத் தட்டணு 150 ஆக இருந்தால் விடை ஏறக்குறைய 1.9. அவருக்கு ஃபைப்ரோஸ்கேன் போன்ற அடுத்த சோதனை தேவைப்படும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு எல்லை 2.0. 35க்குக் கீழே இந்தக் கணக்கை அவ்வளவாக நம்ப முடியாது. இதற்குத் தேவையான எண்கள் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே கிடைத்துவிடும்.

அடுத்த முறை இனிப்பு நீர் மாத்திரை வாங்க அரசாங்கக் கிளினிக்குக்கு ஒரு ரிங்கிட்டோடு போகும்போது, "டாக்டர், என் ஈரலுக்கு ஃபிப்-4 கணக்குப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். 1989க்கு முன் பிறந்தவர் என்றால், பிறந்த குழந்தைகளுக்கான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி உங்களுக்குக் கிடைத்திருக்காது. அந்தக் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 40 வயதைத் தாண்டிய பி40 குடும்பத்தினருக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது.

அப்படியே வீட்டில் யாருடைய அறிக்கையிலாவது 'ஃபேட்டி லிவர்' என்று வந்தால், "குடிக்கிறியா?" என்று முதல் கேள்வியைப் போடாதீர்கள். ஓர் அளவு நாடாவை எடுத்து, வீட்டிலுள்ள எல்லாரும் வரிசையாக நின்று இடுப்பை அளந்து பாருங்கள். ஒருவருக்கு வந்திருக்கிறது என்றால், அதே சட்டியில் சாப்பிடும் மற்றவர்களுக்கும் அது வந்துகொண்டிருக்கலாம்.